பலகை விலைக்கே கொடு

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். "நீங்க அவங்ககிட்ட என்னதாம்மா சொன்னீங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன்னை யாரோ கூப்பிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதற்கு வைக்கப்போகிறேன் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோயம்புத்தூரில் உனக்கு எத்தனை வேலை இருந்தாலும் இதைக் கடைசி வரைக்கும் படி. நீ கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது, கேட்காததற்கும் இருக்கிறது.

முதலில் இப்போது இருக்கிற நிலைமை. இராமேஸ்வரத்துப் பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், கை நனைக்காமல் போனார்கள். சம்பந்தம் பிடித்துவிட்டால் இலை போட்டுச் சாப்பிட உட்காருவதும், மனதில் ஏதாவது இருந்தால் காப்பியோடு எழுந்துவிடுவதும் நம் பக்கத்து வழக்கம். அவர்கள் காப்பியோடு எழுந்தார்கள். நீயும் அந்தப் பெண்ணும் போனில் பேசி ஒருவருக்கொருவர் பிடித்துப்போன பிறகு நடந்தது இது. உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது. விவசாயக் குடும்பம் என்றதும் உன் ஜாதகம் எத்தனை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது என்பதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் என் மகன் என்ன ஆவான் என்ற பயத்தில்தான் நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதுதான் காரியத்தைக் கெடுத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், நான் சந்தையில் உட்கார்ந்த கதையை நீ ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு அது துண்டு துண்டாகத்தான் தெரியும், அதிலும் பாதி உன் அய்யா சொன்னது.

நீ வேலைக்குப் போன மறு வருடம் மிளகாய் நம்மைக் கைவிட்டது. காய் நன்றாகத்தான் பிடித்தது. பறித்துக் களத்தில் காயப்போட்ட நேரத்தில் பங்குனி மழை வந்து, அவ்வளவு வத்தலும் நிறம் வெளுத்து, விலைக்கு ஆகாத சண்டாகிப் போனது. அடுத்த வருடம் மழையே இல்லை. நம் ஊர் மழைக்கு எப்போது வர வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மானியத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர் வருகிற மண்ணில், குட்டையில் நின்ற மழைத்தண்ணீரை நம்பிக் கத்தரி, வெண்டை, கொத்தவரை, வேலியோரம் பீர்க்கு என்று போட்டோம். விளைந்ததைக் கமிஷன் கடையில் இறக்கினால் அவர் சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு விலை சொல்வார். உன் அய்யா கொடுத்ததை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார். ஊர்க்கூட்டத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கமிஷன் கடையில் மட்டும் அதே மனிதருக்கு வாய் அடைத்துவிடும். பெரிய சம்சாரி காய்கறிக்குப் பேரம் பேசினால் கௌரவம் என்ன ஆவது?

குட்டையைப் பார்க்க வந்த தோட்டக்கலைத் துறை அம்மாதான் முதலில் சொன்னார். இராமநாதபுரம் உழவர் சந்தையில் நீங்களே உட்கார்ந்து விற்கலாமே, இடையில் ஆள் கிடையாது, தராசு அவர்களே கொடுப்பார்கள், அன்றன்றைய விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள் என்றார். அவர் இருந்தவரை உன் அய்யா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வண்டி தெரு திரும்பியதும், நம்ம வீட்டுப் பொம்பளை சந்தையில் குத்தவைத்துக் கத்தரிக்காய் கூவுவதா, ஊர் என்ன பேசும் என்று குதித்தார். ஊர் பேசுகிற பேச்சில் உலை கொதிக்குமா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே நிலத்துக் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிராம அலுவலரைப் பார்க்கப் போனார். நிலம் அவர் பேரில் இருப்பதால் சந்தைக்கான அட்டையும் அவர் பேரில்தான் வந்தது. அதில் குடும்பத்தார் படமும் ஒட்ட வேண்டும் என்றார்கள். என் படமும், நீ கல்லூரிக்கு எடுத்து பீரோவில் விட்டுப்போன படமும் ஒட்டினோம். "எம்போட்டோ எதுக்கும்மா அதுல" என்று நீ சலித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் படம் இருக்கிறவர்தான் மேடையில் உட்காரலாம் என்பது விதி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

முதல் நாள் நான் செய்த கூத்தை உனக்குச் சொன்னதில்லை. நாம் நெல்லை விற்போம், மிளகாயை விற்போம். ஆனால் தோட்டத்துக் காயைச் சொந்தக்காரருக்கு விற்பது என்பது நம் வீடுகளில் கிடையாது. வீடு தேடி வந்தவருக்கு ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்து அனுப்புவோம். அந்தப் பழக்கத்தோடு நான் போய் மேடையில் உட்கார்ந்தேன். முதலில் வந்து நின்றது உன் அய்யாவுக்கு அக்கா மகன். "அத்தை, நீங்களா?" என்றான். அத்தை என்று கூப்பிட்டவனிடம் எப்படிக் காசு கேட்பது? பையை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். அடுத்து என் சின்னம்மா மருமகள். அதற்கடுத்து நம் ஊரில் பெண் எடுத்தவர். வெயில் ஏறுவதற்குள் சாக்கு காலி, சுருக்குப் பையும் ஏறக்குறையக் காலி. இரண்டாம் வாரத்தில் இராமநாதபுரம் முழுக்க எனக்குச் சொந்தமாகிவிட்டது. முன்பின் பார்த்திராதவர்கள்கூட நம் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து மேடையில் கீரை விற்கிற பூமயில் என்ற பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏக்கா, நீ யாவாரம் பண்ண வந்தியா, சீரு செய்ய வந்தியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்கு உறவுமுறையின் அருமை என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் மாதம் திரும்புவதற்குள் இன்னொன்று நடந்தது. ஓசியில் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். என்னைப் பார்த்தால் அடுத்த வரிசையில் நுழைந்து போனார்கள். உன் மாமாவே, என் கூடப்பிறந்த அண்ணனே, சந்தை வாசலுக்கு வெளியே தள்ளுவண்டியில் வாடிய கத்தரிக்காயை அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டு நிற்கிறார். என் கண்ணால் பார்த்தேன். மேடையைப் பூமயிலிடம் விட்டுவிட்டு நேராகப் போய், என்னிடம் இல்லாத காயா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தன நாளைக்குத்தா ஓசியில வாங்குறது? ஒன்னப் பாத்தாலே கூச்சமா இருக்கு. அதான் இங்கிட்டு வந்துட்டேன்."

தம்பி, நான் கொடுத்துக் கொடுத்தே என் அண்ணனை என்னிடமிருந்து விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது நன்றாக உறைத்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, ஒரு கிலோ வெண்டைக்காய் நிறுத்து, பலகையில் போட்டிருக்கிற விலையைச் சொல்லிக் கையை நீட்டினேன். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டேன். அவர் கொடுத்தார், நான் மீதியைக் கொடுத்தேன். மனது கேட்காமல், நம் கொல்லையில் ஒடித்துக்கொண்டுபோன கறிவேப்பிலையில் ஒரு கொத்தை அவர் பையில் போட்டேன். அடுத்த வாரம் தானாகவே வந்தார். வந்ததும் முதல் பேச்சு, போன வாரத்து வெண்டைக்காய் முற்றல், இதற்கா காசு வாங்கினாய் என்பதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து உறவு, ஊர்க்காரர் யார் வந்தாலும் பலகை விலைதான், கறிவேப்பிலை மட்டும் என் கணக்கு. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், குறை சொல்லிக்கொண்டே வாங்குகிறார்கள். கொடுக்கிறவள் நானே என்று உட்கார்ந்திருந்த வரைக்கும் அவர்களுக்கு என்னிடம் நிமிர்ந்து நின்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. இதை நான் ஐம்பது வயதுக்கு மேல் மேடையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

உன் அய்யா கதை தனி. சாக்குகளை டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்குவார், உள்ளே வரமாட்டார். எதிரில் இருக்கிற டீக்கடையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சந்தை முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால் தாலுகா ஆபீசுக்கு வந்தேன் என்பார். தினம் தினம் தாலுகா ஆபீசில் இவருக்கு என்ன வேலை என்று டீக்கடைக்காரரே சிரித்திருக்கிறார். ஐப்பசி மழை ஒன்று திடீரென்று பிடித்தபோது தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். கட்டி முடித்ததும் வெளியே போக மனமில்லை, மழையும் விடவில்லை. சும்மா நிற்பதற்குப் பதில் தராசைப் பிடித்தார். அதிலிருந்து நிறுப்பது அவர் வேலை. ஆனால் காசை மட்டும் தொடமாட்டார். யாராவது அவரிடம் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தால் என்னைக் காட்டுவார். சரி, அந்த மட்டுக்கும் வந்தாரே என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் நீ போன் செய்தாய். பெண் வீட்டார் இராமேஸ்வரத்தில் மெஸ் நடத்துகிறார்கள், வசதியானவர்கள், வீட்டைப் பார்க்க வரப்போகிறார்கள் என்றாய். முகூர்த்தம் குறிக்கிற வரைக்கும் சந்தைக்குப் போகாதீங்கம்மா, யாராவது கேட்டால் வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றாய். அந்தப் பெண்ணிடமும் நீ அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்று இருந்தது. நீ தங்கும் அறைக்கு முன்பணம் கட்டியது அந்தக் கத்தரிக்காய்தானே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. உன் கல்யாணம் பெரிதா, என் ரோஷம் பெரிதா என்று நினைத்து, சரிப்பா என்றேன். உன்னிடம் கற்றுக்கொண்ட சரிதான். காய் மறுபடி கமிஷன் கடைக்குப் போனது. வழக்கமாக எழுந்திருக்கிற நேரத்துக்கு எழுந்து, செய்ய வேலை இல்லாமல் வாசலையே இரண்டு தரம் பெருக்கினேன்.

அவர்கள் வந்த அன்று உனக்கு லீவு கிடைக்காமல் போனது நல்லதுதான், நீயும் சேர்ந்து பொய் சொல்லியிருப்பாய். நான் காலையிலேயே சமைத்து முடித்துவிட்டேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, கொத்தவரைப் பருப்புசிலி, பாயசம். கொல்லையில் அடுக்கியிருந்த சந்தைப் பெட்டிகளைப் பழைய சேலை போட்டு மூடினேன். பெண்ணின் அம்மா சாதாரணப் பருத்திச் சேலையில்தான் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்துச் சட்டென்று நின்றார், பிறகு முகம் மலர்ந்து சிரித்தார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்கள் முன்னறையில் பேசிக்கொண்டிருக்க, அவர் கொல்லைப் பக்கம் வந்தார். கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், சேலை மூடிய பெட்டிகளையும் பார்த்தார். "நீங்க வெளிய எங்கயும் போறதுண்டாக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, சிரித்த முகமாகவே காத்திருந்தார். நான், இல்லைங்க, நமக்கு எல்லாம் வீட்டோடுதான் என்றேன். கொல்லை வாசற்படியில் வந்து நின்ற உன் அய்யா இருமினார். அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே வாடிவிட்டது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். பாயசத்தை அன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தான் குடித்தார்கள்.

அன்று முழுக்க எனக்கு உன் மேல் கோபம். மறுநாள் என் மேலேயே திரும்பியது. எதற்காகப் பொய் சொன்னேன்? திருடினேனா? ஒரு வாரம் பார்த்தேன். அவர்களிடமிருந்து சேதி இல்லை. செடியில் காய் முற்றிக்கொண்டிருந்தது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும், நாம் மூடி வைத்தால் எத்தனை நாளைக்கு மூடுவது? உன் அய்யாவிடம் நாளைக்குச் சந்தைக்குப் போறேன் என்றேன். அவர் போய் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் கூட்டம் கொஞ்சம் தணிந்த நேரத்தில் இரண்டு பெரிய ஒயர்கூடைகள் என் மேடை மேல் வந்து உட்கார்ந்தன. நிமிர்ந்தால் அந்த அம்மா. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் எந்தப் பதற்றமும் இல்லாமல் கத்தரிக்காய் விலையைக் கேட்டார், பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார், கூடை நிறையப் போடச் சொன்னார். உன் அய்யா நிறுக்க ஆரம்பித்தார். தீவுக்கு வேண்டிய காயெல்லாம் பாம்பன் பாலம் தாண்டித்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? மெஸ் வைத்திருப்பவர் இங்கே வராமல் எங்கே போவார்? அவர் ரொம்ப நாளாக என்னிடம்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். வாங்குகிறவருக்கு என் முகம் ஒன்றுதான், எனக்கு அவர் முகம் நூற்றில் ஒன்று. அதனால் அவர் என்னைப் பார்த்ததும் கண்டுகொண்டார், எனக்குத் தெரியவில்லை. மன்னிச்சிருங்க என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"அன்னைக்கு உள்ள நொழஞ்சதும் நீங்கன்னு தெரிஞ்சு எனக்கு அம்புட்டு சந்தோசம்க்கா. ஒங்க வாயால சொல்லுவீகன்னுதான் கேட்டேன். எம்மக எங்க மெஸ்ஸுல எல எடுத்து வளந்தவ. நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வந்தா அவளையும் வீட்டோடதான் இருந்தான்னு சொல்லச் சொல்லுவீகளோ? அந்தப் பயத்துலதான் கை நனைக்காமப் போனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தை என்றும் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவர் ரூபாயை எடுத்து நீட்டினார். ஐயோ, உங்களிடம் போயா என்று என் கை தானாக அதைத் தள்ளியது. இத்தனை வருடம் படித்த பாடமெல்லாம் அந்த ஒரு நொடியில் பறந்துவிட்டது பார். அவர் முகம் மறுபடி சுருங்குவதைப் பார்த்தேன். ஓசியில் கொடுத்து இவள் பெண்ணைக் கேட்கிறாளோ என்று நினைத்திருப்பார். அப்போது உன் அய்யா, சந்தைக்குள் அன்று வரைக்கும் ஒரு ரூபாயைத் தொடாத மனிதர், தராசை வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"பலக வெலதான் தாயி. குடுங்க, எடுத்துக்கிறோம்."

வாங்கி, என் சுருக்குப் பையை அவிழ்த்து, மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். அந்த அம்மா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். நான் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கூடையில் செருகினேன், அதை அவர் தடுக்கவில்லை. பிறகுதான் சொன்னார்: "எங்களுக்கு ஒங்க ரெண்டு பேரப் பத்திக் கவல இல்ல. மறச்சது மாப்பிள்ளைத் தம்பிதான், எம்மககிட்டயும் நீங்க வீட்டோடன்னுதான் சொல்லியிருக்காரு. வர்ற சனிக்கிழமை அவர இந்த மேடையில உக்காரச் சொல்லுங்க. நான் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்து காய் வாங்கிக்கிறேன். அவரு உக்காந்திருந்தா அப்படியே ஒங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போறோம். இல்லைன்னா பஸ் ஏறிருவோம்." கூடைகளைத் தூக்கிக்கொண்டு, "வாரேன் மதினி" என்று போனார். அதுவரைக்கும் சம்பந்தி முறை வைக்காமல் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நான் அவர்களிடம் சொன்னது, நீ சொல்லச் சொன்னதை. இனி முடிவு உன்னுடையது. நான் கெஞ்சவும் மாட்டேன், வராவிட்டால் பேசாமல் இருக்கவும் மாட்டேன். வரவில்லை என்றால் அந்தப் பெண்ணிடம் நீயே போன் செய்து சொல்லிவிடு, அவளைக் காலையில் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வரவைத்துக் காலி மேடையைப் பார்க்க வைக்காதே. இந்தக் கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் நான் சந்தைக்குப் போவதை நிறுத்தப்போவதில்லை. அதை உன் மாமனார் வீடு எதுவாக இருந்தாலும் அவர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடு. இந்த வார்த்தை கடுமையாகப் பட்டால் படட்டும். நீ நன்றாக வாழ வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை, அதனால்தான் சொல்கிறேன். அம்மாவை மறைத்து வைத்துக் கட்டுகிற கல்யாணத்தில் நாளைக்குப் பொண்டாட்டியையும் எதற்காவது மறைக்க வேண்டிவரும்.

வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்பி நேராகச் சந்தைக்கு வந்துவிடு. அட்டையில் உன் படம் இருக்கிறது, ஆபீசில் காட்டித் தராசை வாங்கிக்கொள். இப்போது மீசை வைத்திருக்கிறாய், ஆபீசில் இருக்கிறவர் உற்றுப் பார்ப்பார், கோபப்படாதே. பெரிய காயை மேலே அடுக்கி, சின்னதை அடியில் ஒளிக்காதே. சொத்தையை நீயே பொறுக்கித் தள்ளு, வாங்குகிறவர் பொறுக்கும்படி விடாதே. கொத்தவரையின் மேல் ஈரச்சாக்குப் போடு. கூவ வேண்டாம், நம் குரலுக்கு அது வராது, பூமயில் நமக்கும் சேர்த்துக் கூவுவாள். உன் மாமா வருவார், வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்ப்பார், அவர் ஒடித்ததையும் சேர்த்து நிறு. அன்றைக்கு நான் மேடைப் பக்கம் வரமாட்டேன். நானும் உன் அய்யாவும் எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்போம், அவருக்கு அங்கே பழகின இடம் இருக்கிறது.

அந்தப் பெண் வந்து நிற்பாள். காசு கேட்கும்போது உனக்குப் பலகையைத்தான் பார்க்கத் தோன்றும், எனக்கும் தோன்றியதுதான். என்ன வேண்டும் என்று கேள். கேட்டதை நிறுத்துக் கொடு. பலகை விலையைச் சொல், அவள் கொடுக்கிற காசை வாங்கு, மீதியை எண்ணிக் கொடு. கொல்லையில் ஒடித்த கறிவேப்பிலையைக் கட்டி, பெட்டியின் ஓரத்தில் வைத்திருப்பேன். அதில் ஒரு கொத்தை எடுத்து அவள் கூடையில் போடு. அதற்கு நாம் யாரிடமும் காசு வாங்குவதில்லை.

அம்மா